பகல் குறைந்த ஊர்

வேப்பங்கரிசலில் பகல் குறைய ஆரம்பித்ததை முதலில் கண்டுகொண்டவை கோழிகள்தான். பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே அவை கெக்கெக்கென்று முனகிக்கொண்டு பஞ்சாரத்துக்குள் போய் அடைந்தன. காலையில் முதல் பஸ் வந்து ஆளேற்றிக்கொண்டு திரும்பிப் போன பிறகும் வெளியே வர மாட்டேனென்று முடங்கிக் கிடந்தன. ஏதோ சீக்கு என்று நினைத்து மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் புகட்டினார்கள். அடுத்தாற்போல், களத்தில் காயப்போட்ட குண்டு மிளகாய் காயாமல், பங்குனி மாசத்தில் பூசணம் பிடித்து, கையில் எடுத்தால் கன்னத்துச் சதை மாதிரி நெகிழ்ந்தபோதுதான் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சூரியன் இருந்த இடத்தில்தான் இருந்தது, எப்போதும் போல வட்டமாக, எப்போதும் போலப் பெரிதாக. ஆனால் அதன் வெளிச்சம் வேப்பங்கரிசலின் மேல் விழும்போது மட்டும், கஞ்சியில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கலக்கியது போல நீர்த்துப் போய் விழுந்தது. கண்மாய்க்கரை வரைக்கும்தான் அந்த மங்கல். கரையேறி அந்தப் பக்கம் இறங்கி மேலக்கரைக்குப் போனால் வெயில் மண்டையைப் பிளந்தது.

அதற்கு முந்தைய வருஷம்தான் ஊருக்குக் கிழக்கே கம்பெனி வந்திருந்தது. கரிசலும் கருவேலமுமாகக் கிடந்த காட்டையெல்லாம் குத்தகைக்கு வாங்கி, வேலி போட்டு, இரும்புத் தூண்களை நட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சூரியத் தகடுகளைச் சாய்த்து வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதைக் கண்ணாடிக்காடு என்றார்கள். பகல் குறைந்ததற்கும் கண்ணாடிக்காட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. நிலத்தைக் கொடுத்ததும் அவர்கள்தான், வேலிக்குள் வாட்ச்மேனாகவும் கண்ணாடி கழுவுகிறவர்களாகவும் வேலை பார்ப்பதும் அவர்கள் பிள்ளைகள்தான்.

ஆகவே ஊர் அந்தக் குறைந்த பகலுக்குள் தன்னைச் சுருட்டி வைத்துக்கொள்ளப் பழகியது. ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூட மணியைத் தள்ளி அடிக்கச் சொன்னார். பூசாரி உச்சிகாலப் பூசையையும் சாயரட்சையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கற்பூரத்தில் முடித்துக்கொண்டார். மிளகாய் போட்ட பெண்கள் சாக்குகளைத் தலையில் சுமந்து கண்மாய்க்கரை ஏறி மேலக்கரைக் களங்களில் காயப்போட்டார்கள். களத்துக்காரர்களுக்கு வத்தலில் ஒரு பங்கு கொடுத்தார்கள், பங்கு கொடுத்ததோடு பேச்சும் வாங்கினார்கள். வௌவால்கள் நடுப்பகலிலேயே புளியமரத்திலிருந்து கிளம்பின, அதற்கும் பழகினார்கள். அந்த வருஷம் வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் வெயில் படாமல் வெளுத்துப் போயிருந்தார்கள், அந்தச் செய்தி எப்படியோ கசிந்து, தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் தரகர்கள் வந்து, “வேப்பங்கரிசல் பொண்ணா? சரி, சாதகம் குடுங்க” என்றார்கள். அன்றைக்கு முதல் ஊரில் பாதிப் பேருக்கு மங்கல் ஒரு வரமாகவே தோன்றிவிட்டது. கம்பெனிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, மாலை மரியாதையோடு, வீட்டுக்கு ஒரு லாந்தர் விளக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். கும்பிட்டு வாங்கிக்கொண்டு, அதன் வெளிச்சத்திலேயே வழி பார்த்து வீடு திரும்பினார்கள். அப்போது நேரம் மத்தியானம்.

கோழிகளுக்கு அடுத்தபடியாகப் பகல் குறைந்ததைக் கண்டுகொண்ட மனுஷன் தவசி. கண்டுகொள்வதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. தவசியின் பேச்சு வெயிலில்தான் விளைந்தது.

டவுனில் மிளகாய் மண்டியில் ஏலம் கூறுகிறவராக இருந்தவர் அவர். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தையும் மீறி, கடைசி வரிசையில் நிற்கிற வியாபாரிக்கு விலை கேட்கும், அப்படியொரு தொண்டை. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மதுரையில் டாக்டர்கள் குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு ஓட்டையை மட்டும் வைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் வாயைத் திறந்தால் உதடு அசையும், கழுத்திலிருந்து காற்று வரும், வேறொன்றும் வராது. எழுதிக் காட்டலாமென்றால் அவர் மனைவி அன்னமயிலுக்கு எழுத்து தெரியாது. வீட்டிலிருந்ததோ பட்டன் போன். கோயமுத்தூரில் மில் ஆபீசில் வேலை பார்க்கிற மகள் செண்பகம், ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து, தட்டச்சு அடித்தால் அதை வாய்விட்டு வாசிக்கிற ஒரு ஏற்பாட்டை அதில் போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் குரல் ஒரு பெண்குரல். பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படும் நேரம் சொல்கிற பெண்ணின் குரல் மாதிரி, பிசிறில்லாத, கோபதாபமில்லாத குரல். ஊர்ப் பேச்சை அடித்தால் அது சொற்களைக் கடித்துக் குதறியது. ஆகவே தவசி புத்தகத் தமிழில் பேசப் பழகினார். மண்டியில் கெட்ட வார்த்தை கலக்காமல் ஒரு மூட்டையைக்கூட விற்றறியாத மனுஷன், “அன்னம், எனக்குச் சற்று வெந்நீர் வேண்டும்” என்று இளம்பெண் குரலில் கேட்டபோது, அன்னமயில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. பிறகு பழகிவிட்டது. ஆடுகள்கூட அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்தன.

அவர்கள் வீடு ஊருக்கு வெளியே, அன்னமயிலுக்குச் சீதனமாக வந்த காட்டுக்குள் இருந்தது. கண்ணாடிக்காட்டுக்குத் தூண் நட வந்த காண்டிராக்டர் பழைய கம்பியை இழுத்து வேறு பக்கம் கட்டிவிட்டுப் போனதிலிருந்து வீட்டுக்கு வந்த கரண்ட்டில் உயிரில்லை. ஃபேன் சுற்றினால் இறக்கையை எண்ணலாம். கம்ப்யூட்டர் கண்ணைத் திறப்பதற்குள் மூடிக்கொள்ளும். ஆகவே செண்பகம் போனில் சொல்லச் சொல்ல, அன்னமயிலே மதுரைக்குப் போய்ப் பழைய சூரியத் தகடு இரண்டை வாங்கிவந்து, ஆள் வைத்து மாடியில் தெற்குப் பார்த்துச் சாய்த்துக் கட்டினாள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் பாட்டரி உட்கார்ந்தது, அதன் மேல் பலகையில் இன்வெர்ட்டர். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மாடியேறி, பழைய வேட்டியை நனைத்துத் தகடுகளின் புழுதியைத் துடைப்பாள். பாட்டரிக்குத் தண்ணீர் குறைந்தால் மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி ஊற்றுவாள். இன்வெர்ட்டரின் சின்ன விளக்குகளைப் பார்த்தே அன்றைக்குப் புருஷனிடம் இன்னும் எவ்வளவு பேச்சு மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். “மேகம் போட்டா எம்புருசன் ஊமை” என்பாள், சிரித்துக்கொண்டு.

பகல் குறையக் குறைய அந்தப் பேச்சும் குறைந்தது. தவசி முதலில் கேலியை விட்டார். அப்புறம் வசவை விட்டார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிடம் போனில் சொல்கிற மண்டிக் கதைகளை விட்டார். கடைசியில் வெந்நீர், மாத்திரை, வலி என்கிற மூன்று சொல்லுக்குத்தான் வெயில் கட்டுபடியானது.

அப்படியிருக்கும்போது ஒருநாள் பக்கத்துக் காட்டுச் சீனித்தாய் வந்தாள். அன்னமயிலும் அவளும் ஒரே களத்தில் மிளகாய் காயப்போட்டு, ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்தவர்கள். தவசி அவளை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே வாக்கியத்தில் செலவழித்தார்.

“சீனித்தாய், நம் வெயிலைக் கண்ணாடிக்காடு குடிக்கிறது.”

சீனித்தாய் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “மெல்லப் பேசச் சொல்லுங்க மதினி அந்தக் கம்ப்யூட்டர் கழுதைய. எம்மவன் அங்கதான வாட்ச்மேனா நிக்கான்.”

“மெல்லப் பேச அதுக்குத் தெரியாது” என்றாள் அன்னமயில்.

யார் சொன்னார்களோ, அந்த வாக்கியம் ஊருக்குள் போனது. ஊருக்குள் போனது தலைவர் கோட்டைச்சாமி காதுக்கும் போனது. பஞ்சாயத்துத் தலைவர் அவர். கண்ணாடிக்காட்டுக்கு நிலம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அவர் கம்பெனி அதிகாரியைக் கூட்டி வந்தார். அதிகாரி சின்ன வயசுக்காரர், தன்மையானவர், ஷூவில் கரிசல் ஒட்டினால் முகம் சுளிக்காதவர். கையிலிருந்த கருவியை நாலு பக்கமும் காட்டி அளந்துவிட்டு, “எங்க வேலிக்குள்ள விழுற வெயிலை மட்டும்தாங்க நாங்க எடுக்கிறோம். வெளிய ஒரு துளிகூட எடுக்கிறதில்லை” என்றார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தது போல, “ஊருக்குள்ள யாராவது தனியா பேனல் வச்சிருக்காங்களா?” என்று கேட்டார்.

கேட்டது மட்டும்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி டீக்கடையில் உட்கார்ந்தது, அடிகுழாயில் நின்றது, மேலக்கரைக்கு மிளகாய் சுமந்தவர்களோடு சேர்ந்து கரையேறியது. “மாடியில ரெண்டே ரெண்டு தகடு, அது இம்புட்டு வெயிலக் குடிக்குமா?” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். “விஷம் எம்புட்டு இருந்தா என்ன? ஒரு சொட்டு போதாதா?” என்று பதில் வந்தது. “ஊர்ல கண்ணாடி வச்சிருக்கது ரெண்டே எடம். கம்பெனி நம்ம புள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கு, விளக்குக் கொடுத்துச்சு. தவசி என்ன கொடுத்தான்?” என்று ஒருவர் கேட்டார். ஆம்பளைக்குப் பொம்பளைக் குரல் வந்ததே ஊருக்கு ஆகாது என்று பூசாரி சொன்னார். அன்றுவரை அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்தவர்கள், அன்றிலிருந்து அது காதில் விழுந்தால் துப்பினார்கள்.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. நடுப்பகல், ஆனாலும் எல்லோர் மடியிலும் கம்பெனி லாந்தர் எரிந்தது. தவசி பேச வேண்டுமென்று கேட்டிருந்தார். அதற்காகப் பல நாளாக வெந்நீரைக்கூடக் கையால் காட்டிக் கேட்டு, பேச்சைப் பாட்டரிக்குள் சேர்த்திருந்தார். அன்னமயில் கம்ப்யூட்டரையும் பாட்டரியையும் இன்வெர்ட்டரையும் தள்ளுவண்டியில் ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு வந்தாள். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. சீனித்தாய் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவசி நின்றுகொண்டே தட்டினார்.

“வணக்கம். வேப்பங்கரிசல் பகல் ஏலத்துக்கு வந்திருக்கிறது” என்றது பெண்குரல். சிலர் சிரித்தார்கள். “சுத்தமான சரக்கு. கலப்படம் இல்லை. இதில் உங்கள் மிளகாய் காய்ந்தது. இதில் உங்கள் துணி உலர்ந்தது. இதில் உங்கள் பிள்ளைகள் விளையாடினார்கள். இதைக் கேட்டவர் யார்? கேட்காமல் எடுத்தவர் யார்? உங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தவர்கள் வாய் திறந்தால் ஏலத்தை இங்கேயே நிறுத்திவிடுகிறேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. கோபமில்லாத குரலில் அந்தச் சொற்களைக் கேட்பது கோபத்தோடு கேட்பதைவிட மோசமாக இருந்தது. பலருக்கு மண்டியில் அவர் நின்ற நிலை கண்ணில் வந்தது. அந்த நிலையில்தான் இப்போதும் நின்றார், ஒரு கையை உயர்த்தி, கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்து.

“ஒரு தரம்” என்றது குரல்.

கோட்டைச்சாமி தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“இரண்டு தரம்.”

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். சீனித்தாயின் உதடு அசைந்தது போலிருந்தது. அப்போது இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அத்தனை நாள் சேர்த்த வெயிலே அவ்வளவுதான். தவசி மளமளவென்று தட்டினார். திரை கறுத்துப் போனது. அதற்குப் பிறகும் அவர் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன, கட்டைகளின் டக்டக் சத்தம் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. கழுத்து ஓட்டையிலிருந்து காற்று சீறியது.

“பாத்துக்கிட்டீங்களா?” என்று எழுந்தார் கோட்டைச்சாமி. “முழுசாப் பொய் சொல்லக்கூட அதுக்குத் தெம்பில்ல. தகட்டக் கழட்டணும்ங்கிறவங்க கை தூக்குங்க.”

கைகள் உயர்ந்தன. அன்னமயில் ஒவ்வொரு கையாகப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும்தான் பார்த்தாள். சீனித்தாய் முதலில் தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகன் தோளில் தொட்டதும், கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள்.

தகடுகளை மரியாதையாகத்தான் இறக்கினார்கள். பூசாரி மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் வைத்தார். கண்மாய்க் கரையில் வைத்து உடைத்து, சில்லுகளைச் சேற்றுக்குள் புதைத்து, குளித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் பகல் வந்தது. பழைய பகல், சுள்ளென்று, மண்டையைப் பிளக்கிற பகல். ஊரே தெருவுக்கு வந்து குலவையிட்டது. கோழிகள் கொல்லைக்கு ஓடின. கண்ணாடிக்காட்டில் அன்றைக்கு ஏதோ பெரிய பழுது, எல்லாவற்றையும் அணைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சீனித்தாயின் மகன் வந்து சொன்னான். “வாய மூடிட்டுச் சோத்தத் தின்னு” என்றாள் சீனித்தாய். பழுது பார்த்து முடிந்தது. வெயில் திரும்பவும் நீர்த்தது. இந்தத் தடவை முன்னைவிட நீர்த்தது.

ஆனால் இனி அதை யாரும் சொல்ல முடியாது. பகல் குறைந்திருக்கிறது என்று சொன்னால் ஒரு மனுஷனின் வாயைத் தாங்கள் வீணாக மூடினோம் என்று சொன்னதாகிவிடும். ஆகவே வேப்பங்கரிசல் வெயிலில் வாழ ஆரம்பித்தது, இல்லாத வெயிலில். மோர் விற்கிறவள் நடுப்பகல் இருட்டில் தெருத்தெருவாகப் போனாள். ஜனங்கள் வாங்கிக் குடித்து, “அப்பாடா” என்றார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எதிரெதிரே வந்தால், “என்ன வெயிலு, என்ன வெயிலு” என்று காய்ந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். களத்தில் மிளகாயைக் காயப்போட்டு, பூசணம் பிடித்ததை இருட்டோடு அள்ளிக் கொட்டிவிட்டு, “இந்த வருசம் நல்லாக் காஞ்சுது” என்றார்கள். அந்த ஊரில் அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள், வெயில் என்பது பெரியவர்கள் சேர்ந்து சொல்கிற ஒரு வார்த்தை என்றே நினைத்து வளர்ந்தன.

தவசி பேச்சில்லாமல் கட்டிலில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை செண்பகம் போன் பண்ணினால் கழுத்துக் காற்றை மட்டும் கேட்டுவிட்டு, “சரிப்பா, சரிப்பா” என்று வைத்தாள். பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்த அன்று சாயங்காலம் தவசி திடீரென்று எதையோ கேட்டார். உதடு அசைந்தது, கை அன்னமயிலைக் காட்டியது. அன்னமயில் வெந்நீர் கொண்டுவந்தாள், தள்ளினார். மாத்திரை கொண்டுவந்தாள், தள்ளினார். போர்வை, விசிறி, செம்பு, எதுவுமில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டு, அவளுக்குப் புரியவில்லை என்கிற ஆத்திரத்தில் செம்பைத் தூக்கி எறிந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த செண்பகம் குனிந்து அவர் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேற ஒண்ணும் கேக்கலம்மா. நீ சாப்பிட்டியான்னு கேக்காரு.”

அன்னமயில் அடுப்படிக்குப் போய், சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கையைக் கழுவியபோதே அவள் முடிவு பண்ணிவிட்டாள்.

கோட்டைச்சாமி அதற்கு முன்பே பல தடவை அந்தக் காட்டைக் கேட்டு வந்திருந்தார். கண்ணாடிக்காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவில் கம்பெனிக்குக் கிடைக்காமல் கிடந்த ஒரே துண்டு அது. தவசி வாய் இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். இந்தத் தடவை அன்னமயிலே ஆள் விட்டாள்.

“கரண்ட் தருவாகளா, தலைவரே?” என்று கேட்டாள். “நல்ல கரண்ட். அவுக கம்ப்யூட்டர் ஓடணும். மேகம் போட்டாலும் ஓடணும்.”

“தாராளமா, தங்கச்சி. நேரா அவங்க கம்பியிலருந்தே இழுத்துத் தரச் சொல்றேன்.”

தவசி கட்டிலிலிருந்து கையை ஆட்டினார். வேண்டாம் என்றார், வேண்டவே வேண்டாம் என்றார், எழுந்து உட்கார்ந்து தலையை ஆட்டினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் பேச்சை அன்னமயில் தட்டியது அன்றைக்குத்தான். “நீங்க பேசறதக் கேக்காம என்னால சாக முடியாது” என்று சொல்லிவிட்டு, மை தடவின கட்டைவிரலைக் காகிதத்தில் அழுத்தினாள்.

சொன்ன சொல்லைக் கம்பெனி காப்பாற்றியது. கைத்தண்டி கேபிள் வந்தது. ஃபேன் இறக்கை தெரியாமல் சுற்றியது. கூரையடியில் பல்பு எரிந்தபோது, கண்ணாடிக்காடு வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் காலையில் விழுந்த அதே மஞ்சள் வெளிச்சம் சுவரில் விழுந்தது. அன்னமயில் அதைத் தொட்டுப் பார்த்தாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. கம்ப்யூட்டரைத் துடைத்து, புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டாள். திரை பளீரென்று விழித்தது.

தவசி சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே விரலைக் கட்டைகளின் மேல் வைத்தார்.

“எதாவது பேசுங்க” என்றாள் அவள். “வையவாவது செய்யுங்க.”

அவர் தட்டினார்.

“அன்னம், கூசுகிறது” என்றது பெண்குரல்.

திரையின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது போல என்று நினைத்து, மகள் சொல்லிக்கொடுத்தபடி அவள் வெளிச்சத்தைக் குறைத்தாள். அவர் தலையை ஆட்டினார். இன்னும் குறைத்தாள். அவர் அதே வாக்கியத்தை மறுபடியும் ஓடவிட்டார். குரல் அதே நிதானத்தில், ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல், “அன்னம், கூசுகிறது” என்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவர் கண்ணைச் சொல்லவில்லை என்று.

அவள் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஃபேனையும் பல்பையும் நிறுத்தினாள். வீட்டுக்குள் ஊரின் மங்கல் திரும்பி வந்து நிறைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை, அவளும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே அவள் அப்பா கொடுத்த காட்டில், கம்பெனி ஆட்கள் லாந்தர் வெளிச்சத்தில் முதல் தூணை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.